படித்துறை நிழலில் தூண்டில்: கொங்குக் கரைகளுக்கு ஒரு ஸ்பின்னிங் ராடு தேர்வு செய்வது எப்படி

மாமன் தோட்டத்துக் கிணற்றில் ஒரு மூலையில் மோட்டார் மேடை. நான்கு கல்தூண், மேலே பலகைக்கல். மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி. அந்த நிழலில் ஒரு விரால் குடியிருந்தது. விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டிய மீன், அதனால் எங்கே ஒளிந்தாலும் இருக்குமிடம் தெரிந்துவிடும். இதுவும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'பொளக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடும்.

என் கையில் இருந்தது எட்டடி ராடு (ரீல் மாட்டும் தூண்டில் கம்பு), கடலோரத்தில் வீசுவதற்கென்று செய்தது. வாங்கும்போது கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி, "இது வெரால் தாங்குமுங்களா?" என்பதுதான். "மொதலையே தாங்குமுங்க" என்றார்கள். தாங்கும்தான். ஆனால் நான்கு கிராம் ரப்பர் புழுவைக் கட்டி வீசினால் அதன் நுனி அசையவே இல்லை. புழு ஒன்று காலடியில் விழுந்தது, இல்லையென்றால் எதிர்ச் சுவரில் அடித்தது. பக்கவாட்டில் வீசலாம் என்று திரும்பினால் ராடு கிணற்றுச் சுவரில் இடித்தது. மேலே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமன் கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, கெணத்துக்குள்ள கொடிக்கம்பம் நடறீங்களா?"

மீன் எவ்வளவு பெரியது என்று பயந்து ராடு வாங்கினேன். எவ்வளவு சின்ன இரையை, எவ்வளவு இடுக்கான இடத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று யோசிக்கவில்லை. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்காக. முள்ளில் ஆரம்பித்து, இரை, நரம்பு (தூண்டில் கயிறு), ராடின் நுனி என்று மேலேறிக் கடைசியாகக் கைப்பிடிக்கு வரப்போகிறோம்.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது

அமெரிக்க ஏரிகளில் வீட்டுக்கு வீடு தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய மரப் படகுத்துறைகள் உண்டு. லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன் வெயில் ஏறியதும் அந்தப் பலகைகளின் அடியில், தூண் ஓரமாகப் போய் நின்றுகொள்ளும். பாஸ் பெரிதாகவும் வளரும். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அந்தச் சாதனையைச் சமன் செய்தது. ஆனால் தூண்டில்காரர்கள் நாள் முழுக்க வந்து போகும் தெளிந்த ஏரிகளில் இந்த மீன்கள் பெரிய, சத்தமான இரைகளைக் கண்டால் ஒதுங்கிவிடும். அதனால் மெல்லிய நரம்பு, சின்ன முள், சில கிராம் எடை என்று இறங்கினார்கள். இதற்கு ஃபினஸ் என்று பெயர், நம் மொழியில் பதனமாகப் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். புழுவை நடுவில் கோத்து இரு முனையும் ஆடவிடும் வாக்கி ரிக், முள்ளுக்குக் கீழே ஈயம் தொங்கும் டிராப் ஷாட், காளான் வடிவ ஈயத்தில் துண்டுப் புழுவை மாட்டும் நெட் ரிக் எல்லாம் இந்தக் குடும்பம். நெட் ரிக் என்ற பெயர் கேன்சாஸைச் சேர்ந்த நெட் கேடி என்பவரிடமிருந்து வந்தது.

நம் ஊரில் பாஸ் கிடையாது, வரவும் வேண்டாம். ஜப்பானில் 1925இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டதை இப்போது சட்டம் போட்டுத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் (திலாப்பியா) ஒன்றே போதும். வேண்டியது அந்த மீன் அல்ல, அந்த முறை. நிழலில் நிற்கும் மீனுக்குச் சின்ன இரையைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்க் கொடுப்பது எந்தத் தண்ணீருக்கும் பொருந்தும்.

முதலில் இடம்

கொங்கு நாட்டில் நிழலுக்கா பஞ்சம்? பரிசல் துறையில் கட்டிப்போட்ட பரிசல்களின் அடிப்பக்கம், குளத்து மதகுக் கட்டுமானம், வாய்க்கால் பாலத்தின் தூண், பண்ணைக் குட்டையில் மிதக்கும் மோட்டார், தோட்டத்துக் கிணற்று மேடை. சித்திரை வெயிலில் காலை பதினொரு மணிக்கு மேல் குளத்தங்கரையில் ஆளே இருக்காது. விடியலிலும் அந்தியிலும்தான் மீன் கொத்தும் என்பது நம்மவர்கள் வழக்கம். நிழலோரத் தூண்டிலுக்கு அது பொருந்தாது. வெயில் உச்சிக்கு ஏற ஏற நிழலின் எல்லை கூர்மையாகிறது, மீன் அதற்குள் ஒடுங்குகிறது, எங்கே போட வேண்டும் என்று உங்களுக்கும் துல்லியமாகத் தெரிகிறது.

எங்கே போடக்கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பவானி கூடுதுறை, கொடுமுடி, பேரூர் மாதிரிப் படித்துறைகள் மக்கள் முழுகி எழுந்து திதி கொடுக்கும் இடங்கள், அங்கே முள் வீசுவது முறையல்ல. அணைகளிலும் பெரிய குளங்களிலும் மீன்பிடி உரிமை அரசிடமோ குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும், கேட்டுவிட்டுப் போடுங்கள். பவானிசாகரின் மேல்பக்கம் காடு. சத்தியமங்கலம் 2013இலிருந்து புலிகள் காப்பகம், உள்ளே தூண்டிலோடு போகவே கூடாது. அமராவதி அணையில் முதலைகள் உண்டு. பக்கத்திலேயே முதலைப் பண்ணை இருக்கிறது என்பதை வைத்து, எல்லா முதலையும் பண்ணைக்குள்தான் இருக்கிறது என்று நினைத்து முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்காதீர்கள்.

பழகுவதற்குச் சிறந்த இடம் தெரிந்தவர் தோட்டத்துக் கிணறும் பண்ணைக் குட்டையும்தான். பலரும் அவற்றில் ஜிலேபியோ விராலோ கெளுத்தியோ வாங்கி விட்டிருப்பார்கள். "மீன் புடிச்சுக்கிட்டுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "அதுக்கென்னங்க" என்றுதான் பதில் வரும்.

இடத்தைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடம் தண்ணீருக்கு எத்தனை அடி மேலே? தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் மரக்கிளை, சுவர், கம்பி இருக்கிறதா? நிழலின் வாய் எவ்வளவு அகலம்? ராடின் நீளத்தை முடிவு செய்வது இவைதான்.

மீனும் இரையும்

ஜிலேபிக்கு வாய் சின்னது. ஒன்று முதல் மூன்று கிராம் ஈயம், சுண்டுவிரல் பாதி நீளத்துக்கு ரப்பர் புழு, எட்டாம் எண் முள் போதும். கூடு கட்டிக் காவல் நிற்கும் ஆண் ஜிலேபி பசிக்காக இல்லாவிட்டாலும் கோபத்துக்காக வாயில் எடுக்கும்.

விரால் வேறு ரகம். கடினமான வாய், பல், கொத்தியதும் தூணைச் சுற்றிக்கொள்ளும் புத்தி. இதற்கு நான்கு முதல் எட்டு கிராம், ஒற்றை முள்ளை ரப்பருக்குள் புதைத்துக் கட்டுவது நல்லது. தூணிலும் படியிலும் மாட்டாமல் வரும். ஆகாயத்தாமரைக்குள் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) போட்டு விரால் பிடிப்பது முற்றிலும் வேறு விளையாட்டு. அதற்குத் தடித்த ராடும் தடித்த நரம்பும் வேண்டும், இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. அந்த மாதிரித் தடித்த ராடைக் கொண்டுவந்து இந்த வேலையைச் செய்யப் பார்த்துத்தான் நான் கொடிக்கம்பம் நட்டேன்.

சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொதிக்கிற மாதிரித் தெரிந்தால் தாயும் தகப்பனும் அடியில் காவலுக்கு நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது எதைப் போட்டாலும் பாயும். அந்த விராலைப் பிடிப்பதில் திறமை ஒன்றும் இல்லை, குஞ்சுகள்தான் அநாதையாகும். காவிரி, பவானிப் பக்கம் முதுகு உயர்ந்த, பெரிய செதில் கொண்ட கெண்டை ஒன்று சிக்கினால் தண்ணீரை விட்டு மேலே தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். காவிரிப் படுகையின் திமில் மஹசீர் அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிற மீன், மோயாற்றில் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

ஆக, நீங்கள் அதிகம் போடப்போகும் எடை எது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எனக்கு அது மூன்று முதல் ஏழு கிராம். இனி எல்லாம் அந்த எண்ணைச் சுற்றித்தான்.

நரம்பு

சின்ன எடையைத் தூரம் கொண்டுபோவதில் ராடுக்கு இருக்கும் பங்கு நரம்புக்கும் உண்டு. ஊரில் தங்கூஸ் என்று சொல்லும் நைலான் நரம்பு விலை குறைவு, முடிச்சு சுலபம். ஆனால் இழுத்தால் நீளும், ரீலில் சுருண்டே கிடந்து ஸ்பிரிங் மாதிரி வரும். பின்னல் நரம்பான பிஇ அதே பலத்துக்குப் பாதி தடிமன்கூட வராது, நீளவும் நீளாது. மீன் தொட்டது கைக்கு உடனே தெரியும். அதன் குறை என்னவென்றால், கல்லிலும் சிமென்ட் விளிம்பிலும் உரசினால் பட்டென்று போய்விடும். அதனால் பிஇயின் முனையில் ஒன்றரை மீட்டர் ஃப்ளூரோகார்பன் நரம்பை லீடராகக் கட்டுவார்கள். அது உரசலைத் தாங்கும், தண்ணீரில் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் இணைக்க டபுள் யுனி முடிச்சு கற்றுக்கொண்டால் போதும். எஃப்ஜி முடிச்சு இன்னும் மெலிதாக வளையங்களுக்குள் ஓடும், ஆனால் கொசு கடிக்கும் குளத்தங்கரையில் அதைக் கட்டப் பொறுமை வேண்டும்.

என் கணக்கு: பொதுவாகப் பிஇ 0.8 (இது தடிமனைக் குறிக்கும் எண்), அதாவது 0.148 மில்லிமீட்டர், லீடர் 10 பவுண்டு பலம். விரால் உறுதி என்றால் பிஇ 1.2க்கும் 20 பவுண்டு லீடருக்கும் ஏறுவேன். ஜிலேபிக்கு மட்டும் என்றால் பிஇ 0.4, லீடர் 5 பவுண்டு.

பவரும் ஆக்ஷனும்

கடைகளில் அதிகம் குழப்புவது இந்த இரண்டு சொற்கள்தான். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்ஷன் என்பது வளையும்போது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு தென்னை ஈர்க்கையும் மாட்டுச் சாட்டையின் மூங்கில் பிடியையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஈர்க்கு லேசாகத் தொட்டாலே வளையும், பிடியை வளைக்க அழுத்த வேண்டும். அது பவர் வித்தியாசம். அல்ட்ரா லைட், லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். ராடில் யுஎல், எல், எம்எல், எம், எம்ஹெச், ஹெச் என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். ஆக்ஷனைப் பார்க்க, வளையங்களில் நரம்பைக் கோத்து நுனியை மெதுவாக இழுத்து வளையுங்கள். மேலே கால்பாகம், மூன்றில் ஒரு பாகம் மட்டும் வளைந்து கீழே விறைப்பாக நின்றால் ஃபாஸ்ட். பாதி வரை வளைந்தால் மாடரேட். கைப்பிடி வரை வில்லாக வந்தால் ஸ்லோ.

நிழலோர வேலைக்கு மீடியம் லைட் பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன். ஏன் என்றால், நுனி இளகியிருந்தால்தான் நான்கு கிராம் எடைகூட அதைப் பின்னால் இழுத்து வளைக்கும். வளைந்த நுனி நிமிரும் வேகத்தில்தான் இரை பறக்கிறது. என் எட்டடி ராடில் நடக்காமல் போனது இதுதான். இன்னொரு பக்கம், மீன் கொத்தியதும் அது தூணைச் சுற்றும் முன் தலையைத் திருப்ப வேண்டும். அந்த வேலை நுனிக்குக் கிடையாது, ராடின் கீழ்ப்பாதிக்கு. ஃபாஸ்ட் ராடில் நுனி இணங்கிப்போகும், அடி விட்டுக்கொடுக்காது. முழுக்க இளகின ராடு வாங்கினால் வீச்சு அருமையாக இருக்கும், மீன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு உங்களை வேடிக்கை பார்க்கும்.

எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் என்று நுனி மட்டுமே வளையும் ரகம் உண்டு. மெல்லிய கம்பி முள்ளோடு அதைப் பயன்படுத்தினால், பதற்றத்தில் சுண்டும்போது மீனின் வாய் கிழிந்துவிடும். புதிதாக வாங்குபவருக்கு வேண்டாம்.

விரால் மட்டுமே உங்கள் குறி, தூண்களும் நெருக்கம் என்றால் ஒரு படி ஏறி மீடியம் பவர் வாங்குங்கள். ஜிலேபிக்கு யுஎல். ஒரே ராடில் எல்லாம் வேண்டும் என்றால் எம்எல்தான், மூன்று வருடமாக நான் அதில்தான் நிற்கிறேன்.

ராடின் அடியில், கைப்பிடிக்கு மேலே, எத்தனை கிராம் இரை, எத்தனை பவுண்டு நரம்பு என்று எழுதியிருக்கும். நீங்கள் காகிதத்தில் எழுதிய எடை அந்த எல்லையின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் அல்ல. 3 முதல் 12 கிராம் என்று எழுதிய ராடில் 3 கிராமும் போகும், ஆனால் 6 கிராமில்தான் அது மனதோடு வேலை செய்யும். அவுன்ஸில் எழுதியிருந்தால் கால் அவுன்ஸ் சுமார் 7 கிராம், எட்டில் ஒன்று மூன்றரை.

நீளம்: இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்

சின்ன வயதில் ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தத்தித் தத்தி ஓட விட்டிருப்பீர்கள். சில்லு தட்டையாக, தண்ணீரை ஒட்டிப் போக வேண்டும். உயரத்திலிருந்து எறிந்தால் 'டுபுக்' என்று மூழ்கிவிடும். படகுத்துறைப் பலகைக்கு அடியில் இரையைச் செலுத்தும் வீச்சும் அதேதான், ஸ்கிப்பிங் என்பார்கள். ராடு பக்கவாட்டில், இடுப்புக்குக் கீழே. நுனி தண்ணீருக்கு ஓர் அடி மேலே. மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்ட வேண்டும். இரை மூன்று நான்கு முறை தத்தி நிழலின் உள்மூலைக்குப் போய் விழும். அங்கே இதுவரை யாருடைய தூண்டிலும் போயிருக்காது.

இந்த வீச்சுக்கு நீளமான ராடு பகை. பாஸ் பிடிப்பவர்கள் திறந்த தண்ணீரில் ஏழடி ராடை விரும்புவார்கள், படகுத்துறை இடுக்குகளுக்கு ஆறரை அடிக்கு இறங்குபவர்கள் அவர்களிலும் உண்டு. அவர்கள் படகில், தண்ணீரை ஒட்டி நிற்கிறார்கள். நாமோ படியில், கரையில், கிணற்றுத் தளத்தில் நிற்கிறோம். முதுகுக்குப் பின்னால் சீமைக்கருவேலம். என் அனுபவத்தில் ஆறடி மூன்று அங்குலம் முதல் ஆறடி எட்டு அங்குலம் வரை சரி. சென்டிமீட்டரில் 190 முதல் 203. கிணற்றுக்குள் இறங்கித்தான் போடுவேன் என்றால் ஆறடியே போதும். மாமன் கிணற்றுக்கு நான் அடுத்து எடுத்துப்போனது ஆறடி மூன்று அங்குல ராடு. ஏழாவது வீச்சில் புழு மேடைக்கு அடியில் போனது. அந்த விரால் அன்றைக்கு எடுக்கவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தது.

குளக்கரையில் தண்ணீருக்கு ஆறடி மேலே நின்றால் ஸ்கிப்பிங் வராது. கோணம் செங்குத்தாகிவிடும், எந்த நீள ராடாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பாதுகாப்பாக இறங்க வழியிருந்தால் கீழ்ப்படிக்கு இறங்குங்கள். இல்லையென்றால் நரம்பை ராடின் நீளத்துக்குத் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி ஆட்டி நிழலுக்குள் விடுங்கள். மதகுக் கட்டுமானத்தின் மேல் நின்று நேர் கீழே டிராப் ஷாட் இறக்கும்போது மட்டும் ஏழடி ராடு உதவும். சுவரில் உரசாமல் நரம்பைத் தள்ளிப் பிடிக்கலாம்.

ஒரு துண்டா, இரண்டு துண்டா? ஒற்றைத் துண்டில் உணர்வு நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆறரை அடிக் குச்சியை டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். இரண்டு துண்டு ராடு மடக்கினால் ஒரு மீட்டர் சொச்சம். டிவிஎஸ் எக்ஸெல்லில் காலடியில் நிறுத்திக்கொண்டு போய்விடலாம். உள்ளுக்குள் உள்ளாக நுழையும் டெலஸ்கோபிக் ராடு பைக்குள் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு விறைத்த கணு. நுனியின் இளக்கம் கணுக்கணுவாக உடைந்துபோகும். மண்புழு போட்டுத் தக்கை பார்க்க அது போதும், இந்த வேலைக்கு வேண்டாம்.

கார்பனும் கரண்டும்

ஃபைபர் கிளாஸ் ராடு அடி தாங்கும், கனம், மந்தம். கார்பன் லேசு, மீன் புழுவை உதட்டால் தொட்டதைக்கூடக் கைக்குச் சொல்லும். நிழலில் மீன் பெரும்பாலும் இரை மூழ்கும்போதே எடுத்துவிடும். அந்த ஒரு 'டிக்' தெரியாவிட்டால் மீன் துப்பிவிட்டுப் போய்விடும். அதனால் கார்பன்தான். எத்தனை டன் கார்பன் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு மயங்க வேண்டாம். எண் ஏற ஏற விறைப்பும் கூடும், கல்லில் ஒருமுறை மோதினால் உடையும் குணமும் கூடும். படியிலும் பாறையிலும் வைத்து எடுக்கிற நமக்கு நடுத்தரம் போதும்.

ஒரு எச்சரிக்கை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தோட்டத்துக் கிணற்று மேட்டில் மோட்டாருக்கு வரும் கம்பி தலைக்கு மேலே தாழ்ந்து ஓடும், பல இடங்களில் கை எட்டும் உயரத்துக்கே தொய்ந்திருக்கும். ராடை நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள். மேலே பார்த்துவிட்டு அப்புறம் வீசுங்கள். இடி மழை வரும்போது ராடைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள், ராடு நனைந்தால் பரவாயில்லை.

ரீல்

ஃபினஸுக்கு ஸ்பின்னிங் ரீல்தான் ஏன்? பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீலில் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) சுற்றிக்கொண்டே நரம்பு விடும். ஸ்கிப்பிங்கில் இரை தண்ணீரைத் தொட்டு வேகம் குறைந்ததும் ஸ்பூல் நிற்காமல் சுற்றி, நரம்பு குருவிக்கூடாகிவிடும். ஸ்பின்னிங்கில் ஸ்பூல் அசையாது, நரம்பு தானாகக் கழன்று போகும். சின்ன எடை, தத்தும் வீச்சு இரண்டுக்கும் அதுதான் தோது.

அளவு 2000 அல்லது 2500. அதற்கு மேல் போனால் ராடின் தலை தூக்கிக்கொள்ளும். ஸ்பூலில் நரம்பை விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சுற்றுங்கள். வழிய வழியச் சுற்றினால் கொத்தாகக் கிளம்பி வரும். வீசியதும் பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் வளைகம்பி) ரீலின் கைப்பிடி சுற்றி மூடாமல் விரலால் மூடினால் முறுக்கு விழுவது குறையும். ஷிமானோ, டைவா, அபு கார்சியா, லுக்கானா என்று எந்தப் பெயரானாலும் சரி, கையில் ஐந்தாயிரம் இருந்தால் மூவாயிரத்தை ராடுக்குப் போடுங்கள். இந்த வேலையில் ரீல் ராடுக்கு அடுத்துத்தான்.

கடையில் செய்ய வேண்டியது

ஆன்லைனில் வாங்குபவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் முதல் ராடைக் கையில் பிடித்து வாங்குங்கள். உங்கள் ரீலையும் கொண்டுபோங்கள். மாட்டி, ரீல் சீட்டுக்கு (ரீல் பொருந்தும் இடம்) சற்று முன்னால் ஒற்றை விரலில் தாங்கிப் பாருங்கள். கிட்டத்தட்டச் சமமாக நின்றால் நல்லது. நுனி கவிழ்ந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும்.

அப்புறம் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை நிறத்தில் வரும் அந்த நாணயம் 7.7 கிராம் சொச்சம். டேப்பில் ஒட்டி, ஒரு சாண் நூலில் நுனி வளையத்திலிருந்து தொங்கவிட்டு, ராடை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். நுனிப் பகுதி தலையாட்டி நாணயத்தோடு சேர்ந்து அசைய வேண்டும். அசையாமல் நின்றால் அது உங்கள் எடைக்கான ராடு அல்ல, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ராடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வளையங்கள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்து எடுங்கள். இழை மாட்டினால் உள்ளே கீறல், பிஇ நரம்பை அது அறுத்துவிடும். இணைப்பை மாட்டி ஆட்டிப் பாருங்கள், 'டக் டக்' என்று கேட்கக் கூடாது. கைப்பிடி கார்க்கா ஈவிஏ ஃபோமா என்பது அவரவர் விருப்பம். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஃபோம் கழுவ எளிது. ஆனால் அடிக்கைப்பிடி முழங்கையைத் தாண்டி நீளக் கூடாது. ஸ்கிப்பிங்கில் அது விலாவில் குத்தும்.

கூரையைத் தொட்டு ராடை வளைத்துக் காட்டுவார்கள். கார்பன் ராடின் நுனி இந்த மாதிரி வேடிக்கையில் உடைந்துவிடும். கரையிலும் அப்படியே: மீனைத் தூக்க ராடைத் தலைக்குப் பின்னால் சாய்க்காதீர்கள், வலையோ கையோ கொடுத்து எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்

நரம்பு அறுவதற்கு முன் ரீல் விட்டுக்கொடுக்க வேண்டிய இழுவைதான் டிராக். லீடர் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ, அதில் கால் பங்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இதற்குத் தராசு தேடி அலைய வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நரம்பில் கட்டி, வளையங்களில் கோக்காமல் ரீலிலிருந்து நேராகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்ப வேண்டும். லேசாக உலுக்கினால் நரம்பு நழுவ வேண்டும். அதுதான் அளவு. விரால் தூணுக்கு ஓடும்போது பதறி டிராக்கை இறுக்காதீர்கள். ராடைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி, அது போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து இழுங்கள், ராடின் அடிப்பாகம் பார்த்துக்கொள்ளும்.

குட்டைத் தண்ணீர் உப்புச் சுவை என்றால் வீட்டுக்கு வந்ததும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் துடைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இரண்டு துண்டையும் கழற்றியே எடுத்துப்போங்கள். பழைய லுங்கித் துணியில் ஒரு நீளப் பை தைத்துப் போட்டால் எக்ஸெல்லில் வளையங்கள் ஒன்றோடொன்று இடிக்காது.